பதில் சொன்னவர்களில் ஒருத்தி

போனை எடுக்காத மனிதர்களை எடுக்க வைப்பது, எடுத்தவர்களைப் பாதியில் வைத்துவிடாமல் பேச வைப்பது. மூன்று வருஷம் எனக்கு அதுதான் வேலையாக இருந்தது.

ஆரணி பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு பட்டுச் சேலைக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் எங்கள் ஆபீஸ். மாவட்டத்து ஜனங்களின் உடம்பு எப்படி இருக்கிறது என்று போனில் கேட்டுப் பதிவு செய்கிற சர்வே ஆபீஸ். பன்னிரண்டு பெண்கள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு காலை முதல் பேசிக்கொண்டே இருப்பார்கள். நான் மேற்பார்வை. அதற்கு முன்னால் ரீசார்ஜ் கடை வைத்திருந்தேன். எல்லோரும் தங்கள் போனிலேயே ரீசார்ஜ் செய்துகொள்ள ஆரம்பித்ததும் கடையை மூடிவிட்டு இங்கே வந்து சேர்ந்தேன்.

யாரைக் கூப்பிட வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்யும். பெயர் இருக்காது, ஊர் இருக்காது. வெறும் நம்பர் திரையில் வரும். அந்த நம்பரைப் போட்டால் பெரும்பாலும் மணி அடித்து அடித்து ஓய்ந்துவிடும். எடுத்தவர்களில் பாதிப் பேர் "வணக்கம்" என்றதுமே வைத்துவிடுவார்கள். மீதிப் பேர் திட்டுவார்கள்.

"ஓடிபி கேப்ப, ஆதார் கேப்ப, அப்பால இருக்கறத எல்லாம் தொடச்சிகினு பூடுவ. உங்கள மாதிரி எத்தினி பேர பாத்துட்டேன். வை போன."

ஒரு பெரியவர் திட்டாமல், நிதானமாகவே கேட்டார். "சுகர் இருக்குதான்னு கேக்கறியே தாயி, இருக்குதுன்னு சொன்னா நீ வந்து சரி பண்ணிடுவியா?" அவருக்குச் சொல்ல எங்கள் கேள்வித்தாளில் பதில் எதுவும் இல்லை.

மாதம் இரண்டு முறை சென்னையிலிருந்து மேனேஜர் மேடம் வருவார். என் வயதுதான் இருக்கும். கூடை நாற்காலியில் உட்கார்ந்து, தினம் எத்தனை பேர் பதில் சொன்னார்கள் என்கிற அறிக்கையைப் புரட்டிக்கொண்டே பேசுவார். "பதில் சொல்றவங்க எண்ணிக்கை ஏறலன்னா இந்த ஆபீஸ நடத்துறதுல அர்த்தமே இல்ல. எதாவது செய்யுங்க. எது செஞ்சாலும் எனக்குச் சொல்லிட்டு செய்யுங்க" என்று ஒருநாள் முடிவாகச் சொல்லிவிட்டார்.

முதலில், கூப்பிடுவதற்கு முந்தின நாள் ஒரு எஸ்எம்எஸ் அனுப்பிப் பார்த்தோம். வந்த செய்தியைப் பார்த்து உஷாராகி ஜனங்கள் அந்த நம்பரையே பிளாக் செய்தார்கள். காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை என்று மாற்றி மாற்றிக் கூப்பிட்டோம். அதனால் திட்டு மூன்று வேளையும் கிடைத்தது.

பிறகுதான் நான் அந்தத் தாளில் கை வைத்தேன். எங்கள் பெண்கள் பார்த்துப் படிக்க வேண்டிய முதல் வாக்கியம் இப்படி இருந்தது: 'மாவட்ட மக்களின் உடல்நலம் குறித்த ஆய்வுக்காகத் தங்களைத் தொடர்பு கொள்கிறோம், தங்கள் ஒப்புதலுடன் சில வினாக்களை முன்வைக்க விரும்புகிறோம்.' ஒப்புதல் என்ற வார்த்தை வரும்போது எதிர்முனையில் ஆள் இருக்கமாட்டார். இதைப் பேச்சுத் தமிழில் மாற்றி எழுத மேடத்திடம் அனுமதி வாங்கினேன்.

ஒரு மாதம் வீட்டிலேயே அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். என் மனைவி செய்யாறில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைனில் வேலை செய்தாள். விடியற்காலை கம்பெனி பஸ்ஸில் போனால் சாயங்காலம் நாலரைக்கு வருவாள். நான் வீட்டுக்கு வர எட்டாகும். வரும்போது அவள் அடுத்த நாளைக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருப்பாள், நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வாக்கியத்தைச் சொல்லிப் பார்ப்பேன். "அக்கா, ஆரணியிலேருந்து பேசறேன், ஹெல்த் சர்வே. உங்களுக்கு பேச நேரம் இருக்குதா?"

அவள் அரிவாள்மனையிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள். "நேரம் இருக்குதான்னு கேக்காதீங்க. நேரம் யாருக்கு கீது? இல்லன்னு வெச்சிடுவாங்க. 'இப்ப பேச தோதா இருக்கா'ன்னு கேளுங்க."

அப்படியே எழுதிக்கொண்டேன்.

தேவிகாபுரத்திலிருந்து தினம் பஸ்ஸில் வந்துபோகிற ஒரு பெண் எங்களிடம் இருந்தாள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது. அவள் கூப்பிட்டால் மட்டும் நிறையப் பேர் கடைசிக் கேள்வி வரை இருந்தார்கள். ஏன் என்று அவளுடைய பதிவுகளை எடுத்துக் கேட்டுப் பார்த்தேன். கஷ்டமான கேள்வியைக் கேட்டதும் மற்றவர்கள் பதில் வராவிட்டால் உடனே அடுத்ததற்குத் தாவிவிடுவார்கள். இவள் சும்மா இருந்தாள். நான் மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன், ஏழு வரை எண்ணலாம். ஆறிலோ ஏழிலோ எதிர்முனையில் யாராவது ஒரு பெருமூச்சு விட்டுப் பேச ஆரம்பிப்பார்கள். அதையே எல்லோருக்கும் விதியாக்கினேன். கேட்டுவிட்டு ஏழு எண்ணுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கூப்பிடுவதும் என் யோசனைதான். செய்யாறு கம்பெனிகளுக்குப் போகிற பெண்களைக் கிழமை நாட்களில் பிடிக்கவே முடியாது. உள்ளே போனால் போனை வாங்கி வைத்துவிடுவார்கள், பஸ்ஸில் ஏறினால் தூங்கிவிடுவார்கள். என் மனைவியைப் பார்த்து எனக்கு இது தெரியும். ஞாயிறு இரண்டு மணியிலிருந்து ஐந்து வரை என்று நேரம் போட்டோம்.

எண்ணிக்கை ஏறியது. பெரிதாக இல்லை, ஆனால் ஏறியது. மேடம் போனில் கூப்பிட்டுப் பாராட்டினார். வீட்டில் சொன்னேன். "பரவால்லியே" என்றாள் மனைவி.

இதற்கு நடுவில் ஒன்று நடந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். எங்களிடம் வேலை செய்த ஒரு பெண், தன் தெருக்காரர் ஒருவருக்கு டிபி இருப்பதைப் போனில் கேட்டுவிட்டுத் தன் அத்தையிடம் சொல்லிவிட்டாள். நம்பரில் பெயர் இல்லாவிட்டாலும் குரலை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறாள். தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. அந்த ஆள் ஒருநாள் மாடி ஏறி வந்து என் முன்னால் நின்றார். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. "உங்கள நம்பி தானே சொன்னேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். அந்தப் பெண்ணை அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பினேன். மற்றவர்களை நிற்க வைத்து, இங்கே காதில் விழுவது எதுவும் படி இறங்கிக் கீழே போகக்கூடாது, போனால் உங்களுக்கும் இதுதான் என்றேன். கேட்டதை வெளியே சொல்ல மாட்டோம் என்கிற தாளில் எல்லோரிடமும் மறுபடி கையெழுத்து வாங்கினேன். முதல் கையெழுத்து என்னுடையது.

வாரத்துக்குச் சில பதிவுகளைக் கம்ப்யூட்டர் பொறுக்கிக் கொடுக்கும். கேள்விகள் தாளில் இருக்கிறபடி கேட்கப்பட்டனவா என்று நான் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். எப்போதும் மூன்று வாரம் பின்தங்கித்தான் இருப்பேன். ஒரு வியாழக்கிழமை காலை, டீ குடித்துவிட்டு வந்து உட்கார்ந்து ஒரு பதிவை ஓடவிட்டேன். தேவிகாபுரத்துப் பெண் பேசிய அழைப்பு.

குரல் வருவதற்கு முன்னால் பின்னணிச் சத்தம் வந்தது. விசைத்தறி ஓடுகிற சத்தம், அதில் ஒரு தறி மட்டும் தாளம் தப்பி இரட்டையாக அடித்தது. எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருக்கிற ஷெட்டில் ஒரு தறி அப்படித்தான் அடிக்கும். ஊரில் எத்தனையோ ஷெட் என்று நினைத்துக்கொண்டேன்.

"அக்கா, ஆரணியிலேருந்து பேசறேன், ஹெல்த் சர்வே. இப்ப பேச தோதா இருக்காக்கா?"

கொஞ்ச நேரம் தறிச் சத்தம் மட்டும். பிறகு, "எவ்ளோ நேரம் ஆவும்?" என்றாள் என் மனைவி.

"பத்து நிமிஷம்கா. நடுவுல வேணாம்னா நிறுத்திக்கலாம்."

"சரி, கேளும்மா."

எழுந்து போயிருக்க வேண்டும். குடும்பத்தில் ஒருவருடைய பதிவு வந்தால் கேட்காமல் மேடத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. எனக்கு அது ஞாபகம் வந்தது. ஆனால் எழுந்திருக்கவில்லை. அவள் ஒரு முகம் தெரியாத ஆளிடம் எப்படிப் பேசுகிறாள் என்று கேட்க, உண்மையைச் சொன்னால், எனக்குக் கொஞ்சம் ஆசையாகக்கூட இருந்தது.

வீட்டில் எத்தனை பேர்? மூணு பேர், நான், அவரு, பொண்ணு, பிளஸ் டூ படிக்குது. பிரஷர் உண்டா? பாக்கல. சுகர்? பாக்கல. புகையிலை பழக்கம்? எனுக்கு இல்ல. கேள்விகள் ஒவ்வொன்றாகப் போயின. அப்புறம் அந்தப் பெண் கேட்டாள்.

"போன ஒரு வருஷத்துல உடம்புல எங்கயாச்சும் கட்டி, ஆறாத புண்ணு, அந்த மாதிரி எதாச்சும் பாத்தீங்களாக்கா?"

பழக்க தோஷத்தில் நான் எண்ண ஆரம்பித்துவிட்டேன். ஐந்து எண்ணும்போது தூரத்தில் டிவி சத்தம் கேட்டது, கிரிக்கெட்.

"இருக்குது" என்றாள்.

"எங்கக்கா?"

"மார்ல. இடது பக்கம்."

"எவ்ளோ நாளாக்கா?"

"ஏழெட்டு மாசம் இருக்கும். மொதல்ல சுண்டக்கா மாதிரி இருந்துச்சு. இப்ப பெருசா கீது. வலிக்கல. வலி இல்லியேன்னுதான் வுட்டுட்டேன்."

"டாக்டர் யார்கிட்டயாச்சும் காட்னீங்களாக்கா?"

"இல்ல."

"காட்டாததுக்கு என்ன காரணம்னு சொல்ல முடியுமா?"

தாளில் அந்தக் கேள்விக்கு ஐந்து விடைகள் உண்டு. நேரமின்மை, தூரம், செலவு, பயம், மற்றவை.

"லீவு கெடைக்காது." கொஞ்சம் விட்டு, "பயமா இருக்குதும்மா" என்றாள்.

"இத வூட்ல யார்கிட்டயாச்சும் சொல்லி இருக்கீங்களா?"

"இல்ல."

அப்போது பதிவில் ஒரு ஆண்குரல் கேட்டது. கொஞ்சம் தள்ளி, இன்னொரு ரூமிலிருந்து. "யாரு போன்ல?"

"கம்பெனிலேருந்து" என்றாள் என் மனைவி.

"ஞாயித்துக்கெழமையுமா?" என்றது அந்தக் குரல். டிவி சத்தம் கூடியது.

என் குரலை நான் பதிவில் கேட்டதே இல்லை. முதலில் யார் இந்த ஆள் என்றுதான் தோன்றியது.

பதிவு முடிந்தது. சரிபார்ப்புத் தாள் முன்னால் இருந்தது. கேள்விகள் எழுதியபடி கேட்கப்பட்டனவா? ஆம். போதிய இடைவெளி விடப்பட்டதா? ஆம். நான் அதைப் பூர்த்தி செய்தேன். எப்படிச் செய்தேன் என்று இப்போது யோசித்தால் புரியவில்லை. கை அதுபாட்டுக்குச் செய்தது. பிறகு பதிவை மறுபடி முதலிலிருந்து போட்டுக் கேட்டேன்.

அன்றைக்கு வீட்டுக்குப் போனபோது அவள் தோசைக்கு மாவு கலக்கிக்கொண்டிருந்தாள். நேராகப் போய்ச் சொல்லியிருக்கலாம். பதினெட்டு வருஷம் கூட வாழ்ந்தவளிடம் ஒரு வாக்கியம். ஆனால் மாடி ஏறி வந்து நின்ற அந்த டிபிகாரரின் முகம் எனக்குத் தெரிந்தது. அவள் ஒரு முகம் தெரியாத ஆளை நம்பிச் சொன்னதை நான் ஒட்டுக் கேட்டிருக்கிறேன். அவளாகவே என்னிடம் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும், சொல்ல வைத்துவிடலாம், எத்தனை பேரைச் சொல்ல வைத்திருக்கிறேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

"உடம்பு எப்டி கீது?" என்று கேட்டேன்.

"உடம்புக்கு இன்னா? நல்லாத்தான் கீது."

மறுநாள் அவள் பாத்திரம் துலக்கும்போது பக்கத்தில் நின்றேன். கம்பெனியில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போனால் என்ன செய்வார்கள் என்று சுற்றி வளைத்துக் கேட்டேன். நர்ஸ் ரூம் இருக்கிறது என்றாள். "நீ போயிருக்கியா?" "தலைவலின்னு ஒருவாட்டி போனேன்." ஞாயிற்றுக்கிழமை மதியம் டிவியை அணைத்துவிட்டு அவளெதிரில் உட்கார்ந்தேன். "எதாச்சும் எங்கிட்ட சொல்லணுமா?" என்று கேட்டுவிட்டு மனதுக்குள் எண்ணினேன். ஏழைத் தாண்டிப் பத்து வரை போனது.

"இன்னா அப்டி பாத்துகினு கீறீங்க? மேட்ச் முடிஞ்சிடுச்சா?" என்றாள்.

அவளும் என்னை ஒரு மாதிரிப் பார்த்ததாக இப்போது தோன்றுகிறது. அப்போது கவனிக்கவில்லை.

இடையில் ஒருநாள் தேவிகாபுரத்துப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு, அந்தத் தேதிப் பதிவில் கட்டி இருப்பதாகச் சொன்னவரை நினைவிருக்கிறதா என்று கேட்டேன். அவர் யார் என்று நான் சொல்லவில்லை.

"நல்லா ஞாபகம் இருக்குதுண்ணா" என்றாள். "அன்னிக்கி பஸ்ல அழுதுகினேதான் போனேன். எங்க சித்திக்கு இப்டித்தான் ஆச்சு. அந்த அக்காவுக்கு இன்னொருவாட்டி போன் பண்ணி, ஜல்தியா போய் காட்டுங்கன்னு சொல்லலாமான்னு உங்ககிட்ட கேக்க வந்தேன். ரூல்ஸ் இருக்குதேன்னு திரும்பிட்டேன்."

"சரி, போ" என்றேன். அவள் நின்றாள். நான் ஏதோ சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பாள். "போய் வேலைய பாரு" என்றேன்.

இப்படிப் பதினோரு நாள் போயிற்று. பன்னிரண்டாம் நாள் விடியற்காலை அவள் டிபன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது நானும் சட்டையை மாட்டிக்கொண்டு கூடப் போனேன். கம்பெனி பஸ் எங்கள் தெருமுனையில் ரைஸ் மில்லுக்கு எதிரே நிற்கும். மஞ்சள் லைட்டுக்குக் கீழே ஏழெட்டுப் பெண்கள் துப்பட்டாவைத் தலைக்குப் போட்டு நின்றுகொண்டிருந்தார்கள்.

"இன்னா இன்னிக்கி புதுசா? வாக்கிங்கா?" என்றாள்.

"லீவு போடு. வேலூருக்குப் போலாம்."

"எதுக்கு?"

"எதுக்குன்னு உனக்குத் தெரியும். எனுக்கும் தெரியும்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். அதிர்ச்சி இல்லை, கோபமும் இல்லை. அப்பாடா என்றிருந்த மாதிரிதான் எனக்குத் தோன்றியது. தூரத்தில் பஸ் திரும்புகிற சத்தம் கேட்டது.

"எப்ப கேட்டீங்க?"

"பத்துப் பன்னெண்டு நாள் ஆவுது."

"பன்னெண்டு நாளா?" என்றாள். பஸ் வந்து நின்றது. மற்றவர்கள் ஏறினார்கள். டிரைவர் ஹார்ன் அடித்தார். "சொல்லாம லீவு போட்டா இன்னிக்கி மெமோ குடுத்துடுவான். சாயங்காலம் பேசிக்கலாம்" என்று ஏறிவிட்டாள். நான் கையைப் பிடித்து இறக்கியிருக்கலாம். அத்தனை பெண்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கு நான் ஆபீஸுக்குப் போகவில்லை. சாயங்காலம் அவள் வந்ததும் மகளை ட்யூஷனுக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். மன்னிப்புக் கேட்டேன். ஒட்டுக் கேட்கவில்லை, வேலைக்காகக் கேட்கும்படி ஆகிவிட்டது, விதி இருந்தது, அதனால்தான் சொல்லவில்லை என்றெல்லாம் அடுக்கினேன். அவள் முடிகிற வரை காத்திருந்தாள்.

"அது உங்க ஆபீஸுன்னு எனுக்குத் தெரியாதா?" என்றாள். "அந்தப் பொண்ணு 'தோதா இருக்கா'ன்னு கேட்டப்பவே தெரியும். வெங்காயம் அரிஞ்சிகினே உங்களுக்கு சொல்லிக் குடுத்தவ நான்."

நான் சுவரோரம் உட்கார்ந்தேன்.

"உங்ககிட்ட எப்டி சொல்றதுன்னு எட்டு மாசமா தெரியல. காலைல நான் போவும்போது நீங்க தூங்கறீங்க. நீங்க வரும்போது நான் பாதி தூக்கத்துல கீறேன். லீவுன்னா டிவி. அந்தப் பொண்ணு கேட்டுச்சு, கேட்டுட்டு சும்மா இருந்துச்சு, சொல்லிட்டேன். சொன்னா உங்க காதுக்கு வந்துடும்னு நெனச்சேன். இன்னிக்கி கேப்பாரு, நாளைக்கு கேப்பாருன்னு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. காதுக்கு வரல போலன்னு நெனச்சேன். அப்பால..."

"அப்பால?"

"கேட்டுட்டு, பேஜாரு எதுக்குன்னு சும்மா கீறாரோன்னும் நெனச்சேன்."

"அப்டி நெனச்சியா?"

"வேற எப்டி நெனைக்க? ஊர்ல இருக்கற பொம்பளைங்களுக்கெல்லாம் பேச தோதா இருக்குதான்னு கேக்கறீங்க. எங்கிட்ட ஒருநாளாச்சும் கேட்டிருக்கீங்களா?"

அவள் அழவில்லை. எழுந்துபோய் அடுப்பைப் பற்ற வைத்தாள். எனக்குத்தான் அங்கே உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

மூன்றாம் நாள் வேலூருக்குப் போனோம். பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கிவிட்டாள், கம்பெனி பஸ் பழக்கம். டெஸ்ட் எடுத்தார்கள், ஊசி வைத்துப் பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். மறு வாரம் வரச் சொன்னார்கள். டாக்டர் ஒரு நடுத்தர வயது அம்மா. படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். அக்குளுக்குப் போயிருக்கிறது, முதுகெலும்பிலும் இரண்டு இடத்தில் இருக்கிறது என்றார். என் மனைவி, "அப்ப ஆபரேஷன் இல்லியா?" என்று கேட்டாள். ஆபரேஷன் என்றால் குணமாகிவிடும் என்று அவள் நினைத்திருந்தாள். "இப்ப மருந்துதாம்மா. மருந்துல கட்டுப்படுத்தலாம்" என்றார் டாக்டர். குணமாக்கலாம் என்று அவர் சொல்லவில்லை என்பதை நாங்கள் இருவருமே கவனித்தோம்.

அவளை வெளியே உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் திரும்பி உள்ளே போனேன். "ஒரு மாசம் முன்னாடி வந்திருந்தா?" என்று கேட்டேன்.

"எட்டு மாசம் முன்னாடி வந்திருந்தா வேற மாதிரி இருந்திருக்கும். ஒரு மாசத்துல பெருசா எதுவும் மாறியிருக்காது" என்றார்.

எனக்காகச் சொன்னாரா, உண்மையைச் சொன்னாரா என்று தெரியாது. எட்டு மாதமும் நான் அதே வீட்டில்தான் இருந்தேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

ஆபீஸுக்குப் போய் மேடத்திடம் நடந்ததைச் சொன்னேன். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் போனேன். அவர், வீட்டில் எல்லோரையும் விசாரித்து, என்னென்ன உதவி வேண்டும் என்று கேட்டார், லீவு கொடுத்தார், நல்ல மனுஷிதான். கிளம்பும்போது மட்டும், தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார்.

"அந்தப் பதிவ நாங்க நீக்க வேண்டியிருக்கும் சார். ஊழியர் குடும்பத்துல யாரும் சர்வேல வரக்கூடாதுன்னு இருக்கு. அவங்க பதில் சேராது."

சரி என்றேன். என் மனைவி வாயைத் திறந்து ஒருமுறை சொன்னாள், அதுவும் சொல்லாததாக ஆயிற்று.

மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது. வேலையை விட்டாள். நானும் பாதி நாள் லீவில்தான் இருந்தேன். இப்போது எங்களுக்கு நேரம் நிறைய இருந்தது. பகலெல்லாம் ஒரே ரூமில் இருந்தோம். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். வலிக்குதா, எங்க வலிக்குது, தண்ணி வேணுமா, என்ன நினைக்கிற, பயமா இருக்குதா. ஒருநாள் அவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "இன்னாத்த சொல்றது இப்ப? சும்மா இருங்க கொஞ்ச நேரம்."

சும்மா இருந்தேன். எண்ணவில்லை. அவள் தூங்கிவிட்டாள்.

நாலு மாதம் ஓரளவு நன்றாக இருந்தாள். தேவிகாபுரத்துப் பெண் ஒருமுறை பார்க்க வந்தாள். வாசலில் குரலைக் கேட்டதுமே என் மனைவிக்குத் தெரிந்துவிட்டது. "நீதானேம்மா கேட்ட?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண் கொண்டுவந்த சாத்துக்குடியை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள். அடுத்த மாதம் வேலையை விட்டு நின்றுவிட்டாள். காரணம் கேட்டேன். வீட்டில் வேண்டாம் என்கிறார்கள் என்றாள். நான் நம்பவில்லை. அவளைப் பிடித்து வைக்கவும் எனக்கு வாய் வரவில்லை.

பிறகு என் மனைவிக்கு முதுகுவலி அதிகமாயிற்று. கல்லீரலுக்குப் போய்விட்டது என்றார்கள். மகளுக்குப் பரீட்சை முடிந்து மூன்றாவது வாரம், மதிய வெயிலில், பின்னால் ஷெட்டில் தறி ஓடிக்கொண்டிருக்கும்போது போய்விட்டாள். நான் மருந்துக்கடைக்குப் போயிருந்தேன். மகள் மட்டும் பக்கத்தில் இருந்தாள்.

சர்வே முடிந்தது. இறுதி அறிக்கையில் பேச்சுத் தமிழ், இடைவெளி, ஞாயிறு மதியம் என்று என் யோசனைகளை மேடம் குறிப்பிட்டு எழுதியிருந்தார். ஆனாலும் எதிர்பார்த்த அளவு பதில் வரவில்லை என்பதால் இரண்டாம் கட்டம் நடக்கவில்லை. இனிமேல் இந்த மாதிரிக் கேள்விகளை மெஷினே கேட்கும், ஒன்றை அழுத்துங்கள் இரண்டை அழுத்துங்கள் என்று சொல்லும் என்றார்கள். மாடி காலியாயிற்று. இப்போது அங்கே கீழே உள்ள சேலைக் கடைக்காரர் சரக்கு அடுக்கி வைத்திருக்கிறார். நான் ஒரு ரைஸ் மில்லில் லாரி வருவதையும் போவதையும் எழுதுகிறேன். யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

மகள் காலேஜில் சேர்ந்திருக்கிறாள். காலையில் போய்ச் சாயங்காலம் வருகிறாள், சமைக்கிறாள், படிக்கிறாள். கடைசி நேரத்தில் அம்மா ஏதாவது சொன்னாளா என்று அவளிடம் கேட்க வேண்டும் என்று பல நாள் நினைத்திருக்கிறேன். ஒருநாள் கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லலப்பா" என்றாள், தட்டைப் பார்த்துக்கொண்டே.

அது உண்மையா என்று எனக்குத் தெரியவில்லை. மறுபடியும் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இருவரும் சாப்பிட்டு முடித்தோம். அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள்.